வெள்ளை ஐந்து

பரிகாரம் முடித்தவர்கள் பஸ் ஏறிய பிறகு
தேவிபட்டினத்துக் கடலில் என் வேலை.
சவுண்டு சர்வீஸ் கடையில் கழித்துப்போட்ட
ஸ்பீக்கர் காந்தம், நைலான் கயிறு,
இடுப்பளவு தண்ணீர்.

ஒன்றும் இரண்டும் தாமாக வந்து ஒட்டும்.
பித்தளை ஐந்து ஒட்டாது;
அதைக் கால்விரல்தான் கண்டுபிடிக்கும்,
நவதானியம் ஊறிக் குழைந்த சேற்றில்
சிப்பியா காசா என்று
நகத்தால் கேட்டுக் கேட்டு.

செவ்வாய்க்கிழமை ஓர் ஐந்து
காந்தத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தது.
பிரித்தெடுத்தேன்.
மறுபடி ஒட்டியது.

ஒரு பக்கம் சிங்கம். மறு பக்கம் ஐந்து,
இருபுறமும் பூ. எல்லாம் சரி,
நிறம் மட்டும் வெள்ளை.
ஓரத்துப் புள்ளிகள் பாதிப் பாதியாய்
வெளியே போயிருந்தன,
சின்னப் பாயில் படுத்தவன் கால்போல.

டீக்கடை சேகு அப்துல்லா
கல்லாவிலிருந்து ஒற்றை ரூபாயை எடுத்து
மேலே வைத்துப் பார்த்தார்.
அச்சாகப் பொருந்தியது.
"இது ஒத்த ரூவாத் தகடு, நம்பு.
அஞ்சு ரூவா அச்சுல போய்ப் படுத்திருக்கு.
அஞ்சுன்னு வாங்குனா நான் ஏமாளி,
ஒண்ணுன்னு வாங்குனா நீ ஏமாளி."
டீயைக் கடனில் எழுதிக்கொண்டார்.

எந்த ஊர் நாணயச்சாலையோ,
எந்த ராத்திரி ஷிஃப்டோ.
காலிசெய்த தொட்டியின் அடியில்
ஒரு தகடு மட்டும் தங்கிப்போயிருக்கும்.
பித்தளை வந்து கொட்டியபோது
அதுவும் வரிசையில் போய் நின்றிருக்கும்.
விழுகிற அடிக்குத் தெரியுமா
கீழே கிடப்பது யாரென்று.

செல்போன் கடை ரிபாய் போட்டோ எடுத்தான்.
மதுரையில் ஒருத்தர் வாங்குவாராம்,
ஆயிரமோ, அதற்கு மேலோ.
அசல்தானா என்று மூன்று மாதம்
வைத்துப் பார்ப்பாராம்.
மூன்று மாதம் யாரை நம்பிக் கொடுப்பது?

எறிந்தவரை நினைத்துக்கொண்டேன்.
கண்டக்டர் திருப்பித் தந்திருப்பார்.
பூக்காரி திருப்பித் தந்திருப்பாள்.
திருப்பித் தராத கடல் இது என்று
சனிக்குப் போட்டுக் கையைக் கழுவியிருப்பார்.
சனிக்கு உகந்தது இரும்புதானே.
போய்ச் சேரவேண்டிய இடத்துக்குத்தான்
போய்ச் சேர்ந்திருந்தது.
இழுத்துவிட்டவள் நான்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில்
சில்லறை கொடுத்து நோட்டு வாங்கித் திரும்புகையில்
எடை பார்க்கும் மெஷின்,
சிவப்பும் பச்சையுமாய் விளக்கு சுற்ற
யாருமில்லாமல் நின்றது.
அதற்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.
அகலம் பார்க்கும், கனம் பார்க்கும், அவ்வளவுதான்.
ஏறி நின்று வெள்ளை ஐந்தைப் போட்டேன்.
ஒரு நொடி உள்ளே ஏதோ உருண்டது.
வாங்கிக்கொண்டது.

அட்டை வந்து விழுந்தது.
ஐம்பத்தொரு கிலோ.
பின்பக்கம்: எண்ணிய காரியம் கைகூடும்.

சேலை, பஸ்ஸில் வந்தும் காயவில்லை.
இதில் நான் எத்தனை கிலோ,
உப்புத்தண்ணீர் எத்தனை என்று
அட்டையில் போடவில்லை.