பதினைந்து டிகிரி

குரோனிங்கனில் ஜனவரி.
வீட்டுக்குள் பதினைந்து டிகிரி, அதற்கு மேல் ஏற்றுவதில்லை.
வீபேவுக்கு எல்லாமே நிமிடக் கணக்கு:
கடையில் குடிக்கும் ஒரு காபி
நாங்கள் விடுதலையாகும் நாளை
இருபத்திரண்டு நிமிடம் தள்ளிப்போடுமாம்.
அதைக் கேட்டதிலிருந்து
காபிக் கடைச் சன்னல்களில்
கடிகாரங்கள்தான் தெரிகின்றன எனக்கு.

சனிக்கிழமை, சந்தை கலையும் நேரம் பார்த்துப் போவோம்.
அடிபட்ட லீக் தண்டு, தோல் சுருங்கிய பேரிக்காய்,
கூடை ஒரு யூரோ.
சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து
அவன் தலைமுடியை நானே வெட்டுவேன்.
முதல் தடவை காதோரம் படிக்கட்டு மாதிரி வந்தது;
அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லையாம்,
அதுதான் வருத்தம் அவனுக்கு.

நவம்பரில் ஒருநாள்
கால்வாய்ப் பாலத்தில் நின்றபடி
ஆப்பிள் கேக் ஒரு துண்டு, க்ரீமோடு, தனியாகத் தின்றேன்.
நான்கு யூரோ இருபது.
கணக்கில் 'சைக்கிள் பஞ்சர்' என்று எழுதினேன்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த மாதத் தாளில்
புதிதாய் ஒரு வரி முளைத்திருந்தது:
ஹில்கே, பஞ்சர், நான்கு இருபது.
அதற்கடுத்த மாதமும்.
ஒன்பது வருடம்.

நேற்றோடு அவனுக்கு வேலை முடிந்தது. வயது நாற்பத்துநான்கு.
காகிதப் பையில் ஒரு கோப்பையும்
ஒரு கள்ளிச் செடியும் கொண்டுவந்தான்.
கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே போய்
பத்தொன்பதுக்குத் திருகினான்.

குழாய்கள் முனகின.
ஸ்வெட்டர் ஒன்றைக் கழற்றினோம், பிறகு இன்னொன்றை.
எதிரெதிரே உட்கார்ந்து
யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி
சிரித்துவைத்தோம்.

அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை.
எழுந்துபோய்க் குறைத்தது
நான்தான்.