நாளே பன்னி

இருட்டோடு மாரிக்குப்பத்தில் ஏறினால்
கன்டோன்மென்ட் வருவதற்குள்
எத்தனையோ பேருக்கு விற்றுவிடுவேன்.
ஜன்னல் கம்பிக்கு,
எதிர்சீட்டில் தூங்கும் ஜெசிந்தாவின் டிபன் பைக்கு,
பங்காரப்பேட்டையில் ஏறும் தக்காளிக் கூடைகளுக்கு.
ஒன்றும் வேண்டாம் என்றதில்லை.

இறங்கியதும் தொண்டை சுருங்கும்.

தோளில் எலக்ட்ரானிக் தராசு,
சார்ஜர், பில் புக்,
அரைக் கிலோ எடைக்கல் ஒன்று.
அவென்யூ ரோட்டில் ஒரே கடையை
மூன்று முறை கடந்து போவேன்.
முதல் முறை கூட்டம் இருக்கும்.
இரண்டாம் முறை கூட்டம் இருக்காது,
முதலாளி முகம் கடுகடுவென்று இருக்கும்.
மூன்றாம் முறை அவர் சாப்பிடப் போயிருப்பார்.
அப்பாடா என்று
எதிரே நின்று கரும்பு ஜூஸ் குடிப்பேன்.

எங்கள் வீட்டில்
ஒரு பிடி காப்பித்தூள் கூடக் கடன் கேட்டதில்லை.
கேட்கிற கை தாழ்ந்த கை.
யாரும் சொல்லித் தரவில்லை,
காப்பி இல்லாத காலைகளில்
தானாகத் தெரிந்துகொண்டது.

துணிந்து நுழைந்த கடைகளிலும்
ஒரே பதில்:
நாளே பன்னி.
நாளைக்கு வாங்க.

இந்த ஊரில் ஒரு காலத்தில்
இரவு பேய் வந்து கதவைத் தட்டுமாம்.
கதவில் நாளே பா என்று எழுதிவைப்பார்களாம்.
படித்துவிட்டுப் போகும்.
மறுநாள் வரும், மறுபடி படிக்கும்.
படிக்கத் தெரிந்த,
சொன்ன பேச்சுக் கேட்கிற பேய்.
நான் அதைவிட மரியாதைக்காரி.
மறுநாள்கூடப் போனதில்லை.
டைரியில் கடைப் பெயருக்கு நேரே
ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவேன்.

ஒன்பது நாள் கழித்து
சிக்பேட்டையில் சென்னபசப்பாவின்
கொப்பரைக் கடையைத் தலைகுனிந்து கடக்கையில்
உள்ளிருந்து சத்தம்:
"ஏம்மா, நாளைக்கு வான்னு சொன்னேனே, எங்க போன?
பணத்தத் தனியா எடுத்து வச்சிருந்தேன்.
ரெண்டு நாள் பாத்தேன்.
அப்புறம் வேற ஆள்கிட்ட வாங்கிட்டேன்."
திட்டிக்கொண்டே இருந்தார்.
எனக்கு எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது.
அவர் கல்லாப்பெட்டி பக்கத்தில்
வேறு கம்பெனித் தராசு
பச்சை எண்ணில் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது.

அன்றிரவு ரயிலில்
பெருக்கல் குறிகளை எண்ணினேன்.
பதினேழு.

மறுநாள் பதினேழுக்கும் போனேன்.
தைரியம் என்று சொல்ல மாட்டேன்.
கமிஷன் போன ஆத்திரம்.
பன்னிரண்டு பேர் மறுபடியும் நாளே பன்னி.
இரண்டு பேருக்கு என்னை ஞாபகமே இல்லை;
இவர்களுக்குப் பயந்தா
அத்தனை ஜூஸ் குடித்தேன்?
ஒருவர் பேடா என்றார், தெளிவாக.
அந்தச் சொல்லுக்குப் பல் இல்லை.
ஒரு கடையை இடித்துப் போட்டிருந்தார்கள்.

கடைசியாக ரஸல் மார்க்கெட்,
ஷாஹிதா பானுவின் கருவாட்டுக் கடை.
எடைக்கல்லைத் தட்டில் வைத்துக் காட்டினேன்.
ஐநூறு.
எவ்வளவு என்றாள்.

இந்த இடத்தில்தான் எப்போதும்
விலை என் வாயிலேயே சரியும்.
எதிராளி மூச்சு விடுவதற்குள்
யாரும் கேட்காத முந்நூறைக் குறைத்திருப்பேன்,
அந்த மௌனம் தாங்காமல்.

நாலாயிரத்து இருநூறு என்றேன்.

தெரியாமல் தட்டில் என் விரல்கள் ஊன்றியிருந்தன.
ஐநூறு அறுநூற்று நாற்பதாகி
அறுநூற்று முப்பதாகி
அறுநூற்று ஐம்பத்தைந்தாகி
சிவப்பாக ஆடிக்கொண்டிருந்தது.
அவளும் அதைத்தான் பார்த்தாள்.
நான் பேசவில்லை.
கையை எடுத்தேன்.

ஐநூறு.

ஒரு பூனை நெத்திலிக் கூடையை முகர்ந்தது.
ஷாஹிதா அதை விரட்டிவிட்டு
தன் பழைய தராசைத் தூக்கிக்
கீழே சாக்கின்மேல் வைத்தாள்.
அது இருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள்.
"முந்நூறு குறை" என்றாள்.

நூறு குறைத்தேன்.