ஏழாம் மாதத்து மதிப்பெண்

எல்லாவற்றையும் மூடச் சொல்கிறது.
மின்னஞ்சல், பாட்டு, வைரஸ் காவல்,
பாதி படித்துவிட்ட இருபத்திரண்டு பக்கங்கள்.
வேறெதுவும் ஓடாத வேளையில்தான்
அதன் முழு வேகம் தெரியுமாம்.
நான் அப்படி ஒருநாளும் ஓடியதில்லை.

யீஷூன், பதினோராம் மாடி, இரவு பத்தரை.
நைட் ஷிப்ட் இல்லாத வாரம்.
சிம் லிம்மில் பேரம் பேசி
உறுப்பு உறுப்பாய் வாங்கி நானே பூட்டிய பெட்டி.
பொத்தானை அழுத்திவிட்டுக்
கையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.
மவுஸைக்கூடத் தொடக் கூடாது.

திரையில் ஒரு சமையலறை உருவாகிறது,
சதுரம் சதுரமாக.
கண்ணாடிக் கிண்ணம், அதில் எலுமிச்சை,
எலுமிச்சையின் மேல் சன்னல் வெளிச்சம்.
யாரும் சமைக்காத அந்த வீட்டை
மாங்கு மாங்கென்று வரைந்து முடித்ததும்
அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.
பத்து நிமிடம்.
மிஞ்சுவது ஓர் எண்:
பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பது.

இதே சில்லு, இதே விலை,
ஜுன் ஹாவ் வீட்டில் பதினாலாயிரத்தைத் தொட்டதாம்.
கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்று சொன்னான்.
சொன்ன தோரணையில்
சிக்கன் ரைஸ் எனக்கு இறங்கவில்லை.

வேலையிடத்தில் டம்மி வேஃபர் என்று ஒன்று உண்டு.
விற்பதற்கு அல்ல.
உலை சரியாக எரிகிறதா என்று பார்க்க
நிஜமானவற்றுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து
அதே சூட்டைத் தாங்கும், அதே வாயுவைக் குடிக்கும்.
பிறகு மேல்தோலைச் சுரண்டி
மறுபடி உலைக்கே அனுப்புவோம்.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புக்குள்ளிருந்து
ஒருமுறை அதற்காகப் பரிதாபப்பட்டிருக்கிறேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாம் ஓட்டத்தில் வெப்பத்தையும் கவனித்தேன்.
எண்பது. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து.
அங்கே ஒரு முடிவெடுக்கிறது பெட்டி,
வெந்து போவதைவிட மெதுவாய்ப் போவோம் என்று.
எவரையும் கேட்கவில்லை.
எம்சி நீட்டவில்லை.
எண் பதினோராயிரத்துக்கும் கீழே.

மூடியைக் கழற்றினால்
விசிறி இறக்கைகளில் சாம்பல்.
ஏழாம் மாதம். கீழே புல்வெளியோரம்
இரும்புப் பீப்பாய்களில் மூன்று வாரமாக எரிகிறது
இறந்தவர்களுக்கான காகிதப் பணம்.
போன சனிக்கிழமை ஒரு மடிக்கணினியும் போனது,
அட்டையில் செய்தது,
விசைப்பலகை முழுக்கத் தங்க எழுத்து.
நெருப்பில் வைக்கும் முன்
திருமதி கோ அதைத் திறந்து, திரையை நிமிர்த்தி,
யாருக்கோ தெரியும்படி திருப்பி வைத்தார்.

அதில் கொஞ்சம் என் பெட்டிக்குள் இருக்கலாம்.
பழைய ஐலைனர் தூரிகையால்
இறக்கை இறக்கையாக வழித்தெடுத்தேன்.
குப்பைக்குழாயில் கொட்ட மனம் வரவில்லை,
டிஷ்யூவில் மடித்து மேசை மூலையில் வைத்திருக்கிறேன்.
யாருடைய பணமோ.

மூன்றாம் ஓட்டம். நள்ளிரவு தாண்டியாயிற்று.
சமையலறை வருகிறது. எலுமிச்சை வருகிறது.
விசிறி இப்போது முனகவில்லை.
பதின்மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.

ஜுன் ஹாவுக்கு அனுப்ப எடுத்த போனைக்
கவிழ்த்து வைத்தேன்.
மாதக் கணக்குக் கோப்பைத் திறந்தேன்,
வாடகை, பல் மருத்துவர், ஏர்கான் சர்வீஸ்.
அது
நேற்றுத் திறந்த அதே வேகத்தில்
திறந்தது.