மூன்றாம் அறையில் இலை போட்டாயிற்று

பத்து மணிக்குத் திறக்கவேண்டிய வீடு.
மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொள்ளும்.
தோளால் ஓர் இடி, இன்னோர் இடி,
அதற்குள் பத்தேகால்.

காக்ஸ் டவுனில், பேக்கரிக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவே
ஓட்டுக்கூரை, ஜன்னலுக்கு மரத்தொப்பி, சிவப்புத் தரை.
‘கதை வீடு’ என்று மூன்று மொழியில் பலகை.
பல்வலிக்காரர்கள் தவறி உள்ளே வருவார்கள்.
சிலர் கன்னத்தைப் பிடித்தபடியே
ஒரு கதை முடியும்வரை உட்கார்ந்துவிட்டுப் போவதும் உண்டு.

நுழைவு முப்பது ரூபாய். மாணவருக்குப் பத்து.
காதலர்களுக்குச் சலுகை இல்லை, ஆனாலும்
காப்பியைவிட மலிவு என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.
இரண்டாம் அறை அவர்களுடையது.
பேய்க்கதைகள் அங்கேதான் இருக்கின்றன,
பாவம், அவற்றை யாரும் கேட்பதில்லை.

காலையில் என் வேலை
பதினாறு ஹெட்போன்களைத் துடைப்பது.
பஞ்சு, ஸ்பிரிட், நேற்றைய காதுகளின் எண்ணெய்.
பார்வையாளர் புத்தகத்தில் ஒருவர்
‘பார்க்க ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தார்.
உண்மைதான்.
கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

சற்குணம் டிக்கெட் வாங்கியதே இல்லை.
கரண்ட் ஆபீஸ் ஆள். மாதம் ஒருமுறை மீட்டர் பார்க்க வருவான்.
மீட்டர் மூன்றாம் அறையில், ஒன்பதாம் ஹெட்போனுக்கு நேர் மேலே.
எண்ணைத் தட்டிவிட்டு, பில் தாள் நாக்கை நீட்டும்வரை
ஒரு காதை மட்டும் கொடுத்து நிற்பான்.
மறு காது தெருவில் விட்டுவந்த வண்டிக்கு.

இருபத்திரண்டு நிமிடக் கதை அது.
அமாவாசை இருட்டில் திருட வந்தவனை
வரவேண்டிய மாப்பிள்ளை என்று நினைத்து
கால் கழுவத் தண்ணீர் கொடுக்கிறது ஒரு வீடு.
சற்குணத்துக்கு மாதம் இரண்டு நிமிடம்.
விட்ட இடத்தை டிக்கெட் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துவைத்து
அடுத்த மாதம் அங்கிருந்தே ஓடவிடுவேன்.
விதிமீறல்தான்.

ஜனவரியில் தண்ணீர். மார்ச்சில் பாய்.
மே மாதம் மாமனார் கேட்டார், ஊரில் மழை எப்படி என்று.
எந்த ஊர் என்று திருடனுக்குத் தெரியாது.
“பரவாயில்லை” என்றான்.
தங்கவயல்காரன் சற்குணம் அன்று சிரித்துக்கொண்டே
பில்லைத் தப்பான கட்டில் செருகினான்.
ஆகஸ்டில் இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள்.

செப்டம்பரில் வேறு இருவர் வந்து மீட்டரைக் கழற்றினார்கள்.
புதியது தானே எண்ணித் தானே அனுப்பிக்கொள்ளுமாம்.
அதை வாசலுக்கு மாற்றினார்கள்.
சின்னதாய் ஒரு பச்சை விளக்கு.
அதற்குக் காது இல்லை.

முடிவை ஆயிரம் தடவை கேட்டவள் நான்.
இருந்தும் அந்த மாதங்களில்
ஒன்பதாம் ஹெட்போனைத் துடைக்கும்போதெல்லாம்
சோறு ஆறுகிறதே என்றிருக்கும்.

தீபாவளி கழிந்த ஞாயிறு வந்தான்,
சீருடை இல்லாமல், தலை சீவி, மனைவி கெம்பம்மாவுடன்.
இரண்டு டிக்கெட் என்று அழுத்திச் சொன்னான்.
நேராக மூன்றாம் அறைக்குப் போய்
சுவரில் வெளுத்த சதுரத்தைக் காட்டினான்:
“இங்கதான் இருந்துச்சு, நான் பாத்த மீட்டரு.”
அவள் அதை நன்றாகவே பார்த்தாள்.

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள், மடியில் பையோடு.
முதலிலிருந்து, முழுவதும்.
இன்னொன்றை அவனுக்கு நீட்டினேன்.
“வேணாம் மேடம். இவ சொல்லுவா.”
கெம்பம்மாவுக்குத் தமிழ் பாதிதான் புரியுமாம்.
பதினெட்டாவது நிமிடத்தில்,
சிரிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில்,
சத்தமாகச் சிரித்தாள்.
இரண்டாம் அறையிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப்பார்த்தன.

கேட்டைத் தாண்டும்போதே கன்னடத்தில் தொடங்கிவிட்டாள்.
‘அத்தே’ என்று ஒரு சொல் காதில் விழுந்தது.
எங்கள் கதையில் அத்தை கிடையாது.
சில்லறையை எண்ணாமல் அப்படியே போட்டுவிட்டு
பேக்கரிவரை அவர்கள் பின்னால் போனேன்,
பன் வாங்குகிறவள்போல.