வெறும் வயிற்றில்

ஐந்து மணிக்கு ஒரு மாத்திரை.
மூக்குத்தித் திருகாணியை விடக் கொஞ்சம் பெரிது.
அதன்பிறகு ஒரு மணி நேரம் காப்பி கூடாது.
சொன்னவருக்குத் தெரியாது,
நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துப் பேரேடு எழுதுகிறவள்.
லயன் வீடுகளிலிருந்து வாசனை ஏறி வரும்.
நான் பச்சைத் தண்ணீரோடு
சில்வர் ஓக் மரங்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.

மூன்று வருடம் என் பெயர் சோம்பேறி.
முதலில் பெஞ்சமின் சொன்னான், சிரித்துக்கொண்டே.
பிறகு சிரிக்காமல்.
பிறகு நானே,
சீப்பிலிருந்து முடிக்கற்றையை உருவி
ஜன்னலுக்கு வெளியே விடும்போதெல்லாம்.

சேலத்தில் சித்திரை வெயில்.
ஐந்து ரோட்டில் தார் இளகிச் செருப்பை இழுக்கிறது,
நான் ஸ்வெட்டரோடு நிற்கிறேன்.
"மலையிலிருந்து நேரா வர்றீங்களா?"
சர்பத் கடைக்காரர் கேட்டார்.
ஆமாம் என்றேன்.
மலையில்கூட இவ்வளவு குளிராது என்று
சர்பத் கடையில் எப்படிச் சொல்வது.

ஒரு டாக்டர் எடையைக் குறை என்றார்.
ஒருவர் இருபத்தைந்து எழுதி, இனி எல்லாம் நார்மல் என்றார்,
அடுத்த ரத்தம் எப்போது என்று சொல்லவில்லை.
அம்மாபேட்டையில், டோக்கன் நாற்பத்தேழு,
நிமிராமலே ஒருவர் கேட்டார், "வீட்ல ஏதாவது பிரச்சனையா?"
எட்டு வருடமாகக் குழந்தை இல்லை என்றதும்
அதுதான் என்று பேனாவை மூடினார்.
பக்கத்து வீட்டுக் குழந்தாயி முட்டைக்கோஸை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன்.
மச்சினன் கொத்தமல்லித் தண்ணீர் என்றான். குடித்தேன்.

கடைசியில் பெரியாஸ்பத்திரி.
பெயர்ப்பட்டையில் நிலோஃபர் என்றிருந்த டாக்டர்
எழுந்து, என் பின்னால் வந்து நின்று,
கழுத்தில் இரண்டு கையையும் வைத்தார்.
"தண்ணி முழுங்குங்க."
முழுங்கினேன்.
"இன்னொரு தரம்."
மூன்று வருடத்தில் என் தொண்டையைத் தொட்ட முதல் கை.
அழுகை வந்தது. அதையும் முழுங்கினேன்.
அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும்.

டி.எஸ்.எச். நாற்பத்திரண்டு.
அதிகம் என்றால் நன்றாக வேலை செய்கிறது என்றுதானே?
இல்லை என்றார். விளக்கினார்.
நான் என் கணக்கில் புரிந்துகொண்டேன்:
விடிகாலை, பனிமூட்டம், பேர் கூப்பிடுகிறேன்.
பொன்னுருவி.
பதில் இல்லை.
பொன்னுருவீ.
பள்ளத்துக்கே கேட்கும்படி கத்துகிறேன்.
அந்த எண் வேலையின் அளவல்ல,
கத்தலின் அளவு.

பொன்னுருவியை அடித்துப் போட்டது யார் என்று
இன்னொரு தாளில் இருந்தது. ஆண்டிபாடி, ஆயிரத்து முந்நூறு.
காவலுக்கு வைத்த ஆட்களே.
ஏனோ கோபம் வரவில்லை.
எங்கள் நாயும் சில ராத்திரி
என்னைப் பார்த்தே குரைக்கும்.

"பழைய மாத்திரையை எதோட சேர்த்துப் போட்டீங்க?"
இரும்புச்சத்து மாத்திரையோடு. காப்பியோடு.
அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு சீட்டில் மணியைப் பெரிதாக எழுதி
இரண்டு கோடு போட்டார்.

குணமாயிற்றா என்று கேட்கிறார்கள்.
ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம்,
இருபது கொண்டை ஊசி வளைவு, பன்னிரண்டாவதில் வாந்தி.
ஐம்பது எழுபத்தைந்தாகி, நூறாகி,
நெஞ்சு படபடத்து, மறுபடி எண்பத்தெட்டு.
சில நாள் பேரேட்டில் ஒரே பெயரை இரண்டு தரம் எழுதுகிறேன்.
சில நாள் பகோடா பாயிண்ட் வரை நடக்கிறேன்.
மூச்சு வாங்குகிறது,
ஏற்றத்துக்கு யாருக்கும் வாங்குகிற மூச்சு.

பெஞ்சமின் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
இந்த மார்கழியில்தான் கவனித்தேன்,
ஆறு மணி வரை அவனும் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.
பொடி டப்பா மூடியே இருக்கிறது.
"எனக்குத்தானே கூடாது, நீ குடி" என்றேன்.
"பால் இன்னும் வரலை" என்றான்.
பால் நாலே முக்காலுக்கே வந்துவிட்டது.
நான்தான் வாங்கி வைத்தேன்.