புள்ளி ஒன்று

மூன்றாம் ஆண்டு, இரண்டாம் பருவம்.
பயன்பாட்டுப் பொருளியலும் பொதுக்கொள்கையும்.
எங்கள் குழுவுக்கு வந்து விழுந்த கேள்வி:
கிளமெண்டியில் இரவு பத்து நாற்பதுக்குக் கிளம்பும்
கிளைப்பேருந்தை நிறுத்தலாமா?
"பேருந்துக்கு நின்று பழக்கம்தானே" என்றான் ஹஃபீஸ்.
யாரும் சிரிக்கவில்லை.

ஷி லிங் கோப்பைத் திறந்தாள்.
வாரநாள் இரவுகள் இருநூற்றைம்பது.
அட்டை தட்டிய தடவைகள் ஐநூற்று இருபத்தைந்து.
அவள் வகுப்பதற்குள் நான் வகுத்துவிட்டேன்:
ஓர் இரவுக்கு இரண்டு புள்ளி ஒன்று பேர்.

அந்த இரண்டில் ஒன்று, ஏறக்குறைய, நான்.
பேரங்காடியில் பபிள் டீக் கடையைக் கழுவி மூடிவிட்டு
சீனிப்பாகு பிசுபிசுக்கும் விரலோடு தட்டுகிறவள்.
இன்னொன்று, இரவுக் காவலுக்குப் போகும் சீருடைக்காரர்.
கடைசி இருக்கையில் கண்மூடியே வருவார்;
தம் நிறுத்தத்தில் மட்டும் கண்கள் தாமாகத் திறக்கும்.

அப்படியானால் யார் அந்தப் புள்ளி ஒன்று?
பத்தில் ஒரு பங்கு மனிதர்
எப்படி ஏறுவார் பேருந்தில்?
ஒரு கையும் ஒரு காதுமாகவா?

பேராசிரியர் கோ ஒவ்வொரு வளைகோட்டுக்கும் முன்னால்
ஒரு லத்தீன் தொடரைச் சொல்லித் தொண்டையைச் செருமுவார்.
எனக்குள் அதைத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன்:
மற்றவை மாறாதிருக்க.
தேற்றம் மாதிரி இருக்காது,
வரம் கேட்பது மாதிரி இருக்கும்.

காத்திருக்கும் நேரத்துக்கு விலை போட்டோம்.
சம்பளத்தில் இத்தனை பங்கு என்று ஒரு சூத்திரம்.
மாணவர் நிமிடம்: ஏழு காசு.
என் முகத்தைப் பார்க்காமல் தட்டச்சு செய்தாள் ஷி லிங்.
டீசல், ஓட்டுநரின் மிகைநேரம், தேய்மானம்;
எப்படிக் கூட்டினாலும் நிறுத்தலாம் என்றே வந்தது.
நானும்தான் கூட்டினேன். பிழை இல்லை.
முதல் படவில்லையில் ஹஃபீஸ் ஒட்டிய காலிப் பேருந்தில்
உற்றுப் பார்த்தால்
ஓர் இருக்கையில் யாரோ மறந்த குடை.

அன்றிலிருந்து வாசலருகே உட்கார்ந்தேன்.
புள்ளி ஒன்று வரும்போது பார்த்துவிட வேண்டும்.
பத்தாம் இரவு வரவில்லை.
சராசரி எனக்காக அவசரப்படவில்லை.

பதினேழாம் இரவு. மழை.
உணவு விநியோகப் பெட்டி முதலில் ஏறியது,
பின்னால் ஒருவன், சொட்டச் சொட்ட.
தட்டினான். பீப்.
பெட்டியை எனக்கெதிரே சாய்த்து வைத்தான்.
புள்ளி ஒன்று இரண்டு இருக்கைகளை நிரப்பியது.

"பவர்பேங்க் இருக்கா? போன் செத்துப்போச்சு."
கொடுத்தேன். கேட்டேன்.
"சைக்கிள் பேட்டரி மக்கர் பண்ணா மட்டும் இதுல வருவேன்."
"எத்தனை நாளைக்கு ஒருதரம்?"
"ஏன், நீங்க பஸ் கம்பெனியா?"
"இல்ல, மூணாம் வருஷம்."
அது அவனுக்கு விளங்கவில்லை. விளக்க எனக்கும் வரவில்லை.
ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"மத்த நாள் ஓட்டிட்டுப் போறப்ப
இந்த பஸ் என்னைத் தாண்டும்.
சரி, இருக்குன்னு நினைச்சுக்குவேன்."

அதற்கும் பாடத்தில் பெயர் உண்டு,
எட்டாம் வாரம், தேர்வுக்கு வராது என்ற பகுதியில்.
ஏறாதவரும் கொடுக்கத் துணியும் விலை.
அவன் தட்டாத இருநூற்றிருபத்தைந்து இரவுகளும்
எந்த வரிசையிலும் பதிவாகாமல்
மழைக்குள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு சமர்ப்பித்த அறிக்கையில்
பதினோராம் அடிக்குறிப்பு என்னுடையது.
ஓரத்தில் கோ எழுதியிருந்தார்:
மாதிரி அளவு, ஒன்று.

அவனோ என் பவர்பேங்க்கோடு இறங்கிப்போய்விட்டான்.
செலவுப் பக்கத்தில் பத்தொன்பது வெள்ளி.
இப்போது ஒவ்வோர் இரவும்
ஜன்னலோரம் ஏழேழு காசாகச் செலவழித்து
ஒரு சைக்கிள் விளக்கைத் தேடுகிறேன்.
பேட்டரி கெடட்டும், மழை பெய்யட்டும்,
மற்றவை மாறாதிருக்க.