இடது பக்கம்

அசன் பந்தயத்தளம். காலை ஏழே முக்கால்.
தார் பதினோரு டிகிரி.
சூடு பார்க்கும் துப்பாக்கியை ஊட்ஸ் கடன் தந்தான்,
கூடவே தன் அபிப்பிராயங்களையும்.

வாரநாட்களில் குரோனிங்கனில் பஸ் ஓட்டுகிறேன்.
பஸ் டயரில் எட்டு பார் காற்று.
கூடினாலும் குறைந்தாலும்
பணிமனையில் யாராவது பார்த்துக்கொள்வார்கள்.
இங்கே பத்தில் ஒரு பங்கு பாருக்காக
முட்டிபோட்டுக் கிடக்கிறேன்,
வால்வு மூடியைப் பல்லிடுக்கில் கவ்வியபடி.

டயர்களுக்கு மின்கம்பளி சுற்றியாயிற்று. எண்பது டிகிரி.
"ஒரு மணி நேரம் அவிழ்க்காதே, ஹில்ச்சே.
ரிம் வரைக்கும் வேகட்டும்.
மேலே சிவந்து உள்ளே மாவாக இருக்கிற ரொட்டி
முதல் வளைவிலேயே காட்டிக்கொடுத்துவிடும்."

பின் டயர்: என் அளவியில் ஒன்று புள்ளி ஏழு.
அவன் அளவியில் ஒன்று புள்ளி எட்டு ஐந்து.
அதே டயர், அதே சூடு, அதே வால்வு.
அவனுடையது புதுசு, எண்கள் ஒளிர்கின்றன.
என்னுடையது கண்ணாடி கீறிய முள் அளவி,
ஒருமுறை கீழே போட்டிருக்கிறேன்,
இரண்டு முறையும் இருக்கலாம்.
ஆனால் அது பொய் சொன்னாலும்
தினமும் அதே பொய்யைத்தான் சொல்லும்.
அதையே நம்பினேன்.

இந்தத் தளத்தில் வலது வளைவு பன்னிரண்டு,
இடது வெறும் ஆறு.
டயரின் வலது தோள் உழைத்து உழைத்துக் கொதிக்கும்.
இடது தோள் காலைக் குளிரை அப்படியே வைத்திருந்து
ராம்ஸ்ஹூக்கில் கொண்டுவந்து கொடுக்கும்.
அங்கே இடதுபுறம் சாய வேண்டும்,
மூச்சை வெளியே விடாத வேகத்தில்.
போன செப்டம்பரில்
என் காறையெலும்பு உடைந்தது அங்கேதான்.
அதுவும் இடதுதான்.

மூன்றாவது சுற்று.
பின்சக்கரம் நாலு விரல் நகர்ந்தது.
நாலே விரல்.
கைப்பிடியை மூடவில்லை, மூடியிருந்தால் தூக்கி எறிந்திருக்கும்.
மூடவில்லை என்பதை
பிட்டுக்குள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான்
தெரிந்துகொண்டேன்.

மூன்று பேர் குனிந்து டயரைப் படித்தோம்.
வலது ஓரம் மெல்லிய உப்புத்தாள் போல.
இடது ஓரம் பிய்ந்து, செதில் தூக்கி நின்றது.
குளிர்க்கிழிசல், காற்றை இறக்கு என்றான் ஊட்ஸ்.
இல்லை, ஏற்று என்றாள் பக்கத்து காரேஜ் பெல்ஜியக்காரி லீவ்,
கையில் பாதி சாப்பிட்ட வாழைப்பழத்தோடு.
அவர்கள் சண்டை முடிவதற்குள்
மேகம் விலகித் தார் இருபத்தாறுக்கு ஏறிவிட்டது.
காலையில் கேட்ட கேள்வியே இப்போது இல்லை.
நான் வால்வைத் தொடவே இல்லை.
வெளியே போய்த் திரும்பி அளந்தபோது
அழுத்தம் தானாகவே ஏறியிருந்தது.

மதியம் ராம்ஸ்ஹூக்கை ஏழுமுறை கடந்தேன்.
ஒருமுறைகூட நழுவவில்லை.
டயரா, வெயிலா,
இல்லை அங்கே வரும்போது மட்டும் நான் மெதுவானேனா?
டைமரைக் கேட்டால் சொல்லியிருக்கும்.
கேட்காமல் பையில் போட்டேன்.

சாயங்காலம் பைக்கை வேனில் ஏற்றிக் கட்டி
வடக்கே நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் போயிருப்பேன்,
டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு.
லாடம் போல ஒரு வடிவம், நடுவே ஆச்சரியக்குறி.
பெட்ரோல் பங்கில் இறங்கிப் பார்த்தேன்.
வேனின் முன் டயர், இடது பக்கம்.
போன அக்டோபரிலிருந்து
அதன் பக்கம் நான் திரும்பியதே இல்லை.

ஜாக்கெட்டில் ஊட்ஸின் அளவியும் இருந்தது,
திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறேன்.
என்னுடையது ஒன்று புள்ளி நான்கு என்றது,
அவனுடையது ஒன்று புள்ளி ஐந்து ஐந்து.
காசு போட்டதும் சுவரோர மெஷின்
மூன்றாவதாக ஒரு எண்ணைச் சொன்னது.
பின்னால் ஒருத்தன் ஹார்ன் அடித்தான்.
குத்துமதிப்பாக அடித்துவிட்டுக் கிளம்பினேன்.